உடன் சாப்பிட்டவள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ரத்தம் எடுக்கிற வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். ஆராய்ச்சி என்றால் அடுத்த கேள்வி வரும். காரைக்குடியில் நான் குடியிருக்கும் தெருவில், ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிற என்னை முதலில் மீன்காரி என்றுதான் நினைத்தார்கள். ரத்தம் என்று தெரிந்த பிறகு எதிர்வீட்டுக்காரம்மா விடவில்லை. "அப்படியே எனக்கும் சுகர் பாத்துச் சொல்லிட்டுப் போனா என்னடி, தேஞ்சா போயிருவ?"

நான் பார்ப்பது சுகர் இல்லை. சிலருக்கு இருபது வயது வாக்கில் யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கும். சொந்த வீட்டு ஆட்களே தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று தோன்றும். நம் உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது ரத்தத்தில் சில புரதங்கள் ஏறும். கிருமி எதுவும் இல்லாமலே இவர்களில் சிலருக்கும் அவை ஏறியிருக்கின்றன. ஏன் ஏறுகின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைத் தேடுவதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. நான் முனைவர் பட்டம் முடித்து இரண்டாவது வருடம் அதில் இருந்தேன். ஒப்பந்த வேலை. வருடா வருடம் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் நான் இருப்பேன், இல்லாவிட்டால் இல்லை.

இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, நோயாளி இன்னும் மருந்து எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. மருந்து உள்ளே போனால் ரத்தம் மாறிவிடும், நோய் எது, மருந்து எது என்று பிரிக்க முடியாது. இரண்டாவது, அதே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி அக்கா தங்கை யாராவது ஒருவர் நோயில்லாமல் இருக்க வேண்டும். அவர் ரத்தத்தையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே உணவு, ஆகவே ஒப்பிடுவதற்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை." திட்ட அறிக்கையில் அந்த வரியை எழுதியது நான். பேராசிரியர் அதற்குக் கீழே கோடு போட்டு, நல்ல வாதம் என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று எடுப்பேன், மறுபடி வைத்துவிடுவேன்.

அந்த வீடு காரைக்குடியிலேயே, ஒரு பள்ளிவாசலுக்குப் பின்தெருவில். அத்தா குவைத்தில் ஏசி மெக்கானிக். அம்மா வீட்டில் தையல் மிஷின் வைத்து நைட்டியும் பிளவுஸும் தைப்பவர். மகன் இருபத்து மூன்று வயது. அத்தாவோடு வேலை பார்க்கப் போய் எட்டு மாதத்தில் திரும்பி வந்தவன். வரும்போதே யாரோ தன் சோற்றில் விஷம் வைப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். மகள் பி.காம். கடைசி வருடம். பரீட்சை முடிந்ததும் நிக்காஹ் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு தேவகோட்டை, ஹார்டுவேர் கடை.

பையனை ஒரு தனியார் மனநல மருத்துவர் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார். கொடுத்த மாத்திரையைச் சாப்பிட மாட்டேன் என்கிறான், இன்னும் மருந்தே ஆரம்பிக்கவில்லை, உங்களுக்கு ஆகும் என்று எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். எங்களுக்கு ஆகும். அப்படித்தான் பேசுவோம். மருந்து சாப்பிடாத நோயாளி கிடைத்தால் எங்கள் ஆய்வகத்தில் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் ஒரு களை இருக்கும். அந்த வீட்டில் என்ன களை இருந்திருக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

நான் போனபோது மகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, டாக்டரம்மா வந்துட்டாக."

"நான் டாக்டர் இல்லம்மா."

"ஊசி வச்சிருக்கீகள்ல? அப்ப டாக்டர்தான்."

அவளுடைய அண்ணன் சமையற்கட்டைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அம்மா என்ன எடுக்கிறார், எதில் போடுகிறார் என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தான்.

எங்கள் படிவத்தில் உள்ள கேள்விகளை நோயாளியின் முன்னால்தான் கேட்க வேண்டும். அவனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றி வீட்டாரிடம் விசாரிப்பது அவமரியாதை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நல்ல விதி. அதில் ஒரு குறையும் எனக்கு அன்று தெரியவில்லை. அவன் முன்னாலேயே அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"டாக்டர் குடுத்த மாத்திரைய சாப்புடுறாரா?"

அவர் மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கம்மா? எல்லாத்தையும் கொண்டுபோயிக் கெணத்துல போட்டுட்டான்."

"கெணத்துக்குத்தான் இப்பப் புத்தி தெளிஞ்சிருக்கும்" என்றாள் மகள்.

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

"வேற ஏதும் மருந்து குடுக்குறீகளா?"

"வேற என்னத்தக் குடுக்க?"

அதற்கும் 'இல்லை' என்று அடித்தேன். கேள்விக்குக் கேள்வி வந்தால் அது பதிலாகாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. படிவம் நிரம்பினால் போதும் என்று இருந்தேன்.

அப்புறம் அவன் பேசினான். "அக்கா, நீங்க லேபுல இருக்கீக. சோத்துல ஒண்ணக் கலந்தா கண்டுபுடிச்சிருவீகளா?"

"கண்டுபிடிக்கலாம் தம்பி."

"எங்க சோத்துல கலக்குறாக. டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

அவன் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. நான் படிவத்தில் எழுதினேன்: குடும்பத்தினர் உணவில் ஏதோ கலப்பதாக நம்புகிறார், கடுமை அதிகம். நோயின் அறிகுறி என்று அதை எழுதியது இந்தக் கைதான்.

தங்கை முதலில் கொடுத்தால்தான் தானும் ரத்தம் கொடுப்பேன் என்றான். அவள் முழங்கையை நீட்டினாள். அவன் குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கையைக் கொடுத்தான். வேலை சீக்கிரம் முடிந்தது.

பிறகு காலைச் சாப்பாடு. விருந்துகளில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அவர்கள் வீடுகளில் உண்டு, சகன் என்பார்கள். கல்யாணத்துக்கு எடுப்பது. அதைத் தினசரிச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்திருந்தார் அம்மா. இடியாப்பம் போட்டு மேலே கறி ஆணத்தை, கறிக்குழம்பைத்தான் அப்படிச் சொல்வார்கள், ஊற்றினார். தனித்தட்டில் போட்டால் அவன் தொட மாட்டான், தானும் கூட உட்கார்ந்து அதே தட்டில் தின்றால்தான் தின்பான் என்று தங்கை எனக்குச் சொன்னாள். அவள் ஒரு வாய் எடுத்து விழுங்கினாள். அவன் அவள் தொண்டையைப் பார்த்தான். பிறகு அதே இடத்தில் கை வைத்து எடுத்தான்.

"நீங்களும் உக்காருங்கக்கா. இங்குட்டு எடம் இருக்குல்ல" என்றாள்.

நான் உட்காரப் போனேன். அம்மா சட்டென்று குறுக்கே வந்தார். "வேணாம் வேணாம். அவுகளுக்குத் தனியாத் தாரேன்."

எனக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டு வேறு தட்டில் வந்தது. நான் ஆசாரி வீட்டுப் பெண், கறி சாப்பிட மாட்டேன், அவர்கள் தட்டில் கை வைக்க மாட்டேன் என்று நினைத்துவிட்டார்போல என்று எனக்கு உள்ளே சுருக்கென்றது. நான் எல்லாம் சாப்பிடுவேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்து, என்ன பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

ஆய்வகத்தில் எங்கள் வேலை ஒரே மாதிரிதான். ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை எடுத்துச் சிறு குழாய்களில் போட்டு, மைனஸ் எண்பது டிகிரியில் உறைய வைப்போம். போதுமான குடும்பங்கள் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து அளப்போம். அளக்கும் தட்டில் அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்துக் குழிகள். அளந்து பார்த்தபோது அவர்கள் இருவருடைய எண்களும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தன. இன்னும் சில வீடுகளிலும் அப்படியே.

பேராசிரியர் தன் அறையைவிட்டு வெளியே வருகிறவர் இல்லை. அன்று வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"நோய் வராதவங்க ரத்தத்துலயும் அதே மாதிரி இருக்கு. அப்படின்னா இது குடும்பத்துலயே ஓடுது. இது பேப்பர்ம்மா. பெரிய பேப்பர்."

நாங்கள் வாங்கிய பரிசோதனைக் கிட் எங்களுக்குத் தேவையில்லாத சில பொருட்களையும் சேர்த்து அளக்கும். அட்டவணையின் கடைசிப் பத்தியில் புரோலாக்டின் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். அந்தத் தங்கைக்கு அது எங்கேயோ போய் நின்றது. நான் விரலை வைத்துக் காட்டினேன்.

"நீ ஊசியோட போய் நின்னா யாருக்கும் ஏறும்" என்றார்.

பயத்தில் அது ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் பயப்படவில்லை. நான் குத்தும்போது அவள் கிணற்றைப் பற்றி இன்னொரு நகைச்சுவை சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கு நினைவு இருந்தது. இருந்தும், அந்தப் பத்தியை மறைத்து வைத்துவிட்டு மற்ற எண்களைப் படமாகப் போட ஆரம்பித்தேன். சில மனநோய் மருந்துகள் அந்த ஹார்மோனை ஏற்றும் என்பது இரண்டாம் வருடப் பாடம். நானே கல்லூரியில் அதை நடத்தியிருக்கிறேன். அந்த வீட்டில் மருந்தே இல்லை என்று படிவம் சொன்னதால் அந்தப் பாடம் என் தலையில் எழவில்லை. படிவத்தில் டிக் அடித்தது யார் என்பதும் எழவில்லை.

இன்னொரு தடவை அவள் ரத்தம் வேண்டும் என்றார் பேராசிரியர். போன் செய்தேன்.

"முடியாதுக்கா. பரீட்ச வருது. எப்பப் பாத்தாலும் தூக்கம் வேற, ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள கண்ணு சொருகுது. விட்டுருங்களேன்."

தனி ஒருவரின் அளவை அவரிடமோ வீட்டாரிடமோ சொல்லக்கூடாது என்பது விதி. நாங்கள் மருத்துவர்கள் இல்லை, எங்கள் எண்ணுக்கு என்ன பொருள் என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்தும் சொன்னேன். அவளைச் சம்மதிக்க வைக்கத்தான் சொன்னேன், வேறு காரணம் இல்லை.

"உன் ரத்தத்துலயும் உங்க அண்ணனுக்கு இருக்க மாதிரியே இருக்கு. அதான் இன்னொரு தடவ பாக்கணும்."

அந்தப் பக்கம் போனை அம்மா வாங்கினார்.

"அப்ப இவளுக்கும் வருமா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

எங்கள் தொழிலில் அது நேர்மையான வாக்கியம். ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வோம். அந்த வீட்டில் அதற்கு 'வரும், ஆனால் இவள் வாயால் சொல்ல மாட்டேன் என்கிறாள்' என்று அர்த்தம். வேறு எந்த வீட்டிலும் அப்படித்தான் அர்த்தமாகும். இதைத் தெரிந்துகொள்ள நான் எங்கேயும் படிக்கப் போயிருக்க வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து ஐஸ் பெட்டியோடு போய் நின்றேன். நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா மிஷினை நிறுத்தாமல், மாடியில் இருக்கிறாள் போங்க என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சில மாதத்தில் நன்றாக உப்பியிருந்தாள். கன்னம் தொங்கியது.

"நிக்காஹ் நின்னு போச்சுக்கா."

"ஏன்?"

"ஏனா? நீங்க சொன்னத அம்மா அத்தாகிட்டச் சொன்னாக. அத்தா, இதெல்லாம் மறச்சு இன்னொருத்தர் புள்ள தலையில கட்டக்கூடாதுன்னு அவுகளே மாப்புள வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாக. ரெண்டே நாளு. குடுத்த மோதரத்த வாங்கிட்டுப் போயிட்டாக."

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க பொம்பள, அதான். எனக்கு ஆறு மாசமா பீரியட்ஸ் வரல. மாருல பால் மாதிரி கசியுது. சத்தியமா நான் எந்தத் தப்பும் பண்ணலக்கா. அம்மாகிட்டச் சொல்லல. சொன்னா என்ன நெனப்பாக? பைத்தியம் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் ஆகுமா? அண்ணனுக்கு ஆம்பளங்கிறதால தெரியாமப் போச்சா?"

நான் மறைத்து வைத்த பத்தி அப்போதுதான் என் முன்னால் திறந்தது.

"நீ என்ன மாத்திர சாப்புடுற?"

"நான் எதுவும் சாப்புடலயே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இருமல் மருந்து, நாட்டு மருந்து, எதுவானாலும்."

"ஒண்ணும் இல்லக்கா. அண்ணன் ஆணத்துல ஊத்துறதுதான். அது அவனுக்குள்ள மருந்து."

அண்ணனுக்கு உள்ள மருந்து. அதனால் அவள் கணக்கில் அவள் மருந்து சாப்பிடவில்லை. பொய் சொல்லவில்லை அவள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எங்களுக்குச் சொல்லி அனுப்பிய மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே அம்மா மதுரையில் இன்னொருவரைப் பார்த்திருக்கிறார். அவர் நிறமும் ருசியும் இல்லாத சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, தெரியாமல் கலந்து கொடுங்கள் என்றிருக்கிறார். இவன் தனியாகச் சாப்பிட மாட்டான். அவள் உடன் உட்கார்ந்தாள். கலந்திருப்பது தெரிந்தேதான் உட்கார்ந்தாள். பாதி அவள் வயிற்றுக்குப் போனதால் அவனுக்குச் சரியாக ஏறவில்லை, குணமாகவில்லை. குணமாகவில்லை என்று அம்மா சொட்டைக் கூட்டினார். கூட்டக் கூட்ட இவளுக்கும் கூடியது.

அன்றைக்கு என்னைச் சகனில் உட்கார விடாமல் தடுத்தது எதற்கு என்று அப்போது புரிந்தது. என்னைக் காப்பாற்றியிருக்கிறார். மகளைக் காப்பாற்ற அவருக்கு வழியில்லை. மகன் உட்கார்ந்திருக்கும்போது நான் போய், வேறு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்?

அவன் சொன்னதும் சரிதான். சோற்றில் கலந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"இது நோய் இல்ல. அந்த மருந்தோட வேல. நீ அந்தத் தட்டுல சாப்புடுறத நிறுத்தினா நின்னுரும்" என்றேன்.

"அப்ப எனக்கு வராதா?"

பழைய வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. விழுங்கினேன். "உன் ரத்தத்த வச்சு எதுவும் சொல்ல முடியாது. நான் சொன்னது தப்பு. நான் சொன்னத மறந்துரு."

"நான் மறந்தா ஆச்சா?" என்றாள்.

அன்று ரத்தம் எடுக்கவில்லை. நேராகப் பேராசிரியரிடம் போனேன். இந்த வீட்டை எடுத்துவிட வேண்டும், மற்ற வீடுகளிலும் போய் மறுபடி கேட்க வேண்டும், அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நாங்கள் சொன்னது தவறு என்று ஆய்வகத் தாளில் ஒரு கடிதம் தர வேண்டும் என்றேன்.

"கடிதமா? சொல்லக்கூடாததச் சொன்னது நீ. அத நானே எழுத்துல ஒத்துக்கணுமா?"

"ஆமா சார்."

"ஒரு குடும்பத்த எடுத்துரலாம். மத்த வீட்டுல மருந்து இல்லைன்னுதான் படிவம் சொல்லுது. நம்ம ஆவணப்படி போவோம். தேவையில்லாமக் கேட்டுக்கிட்டு அலையாத."

கேட்டுக்கொண்டு அலைந்தேன். எண்கள் ஒத்துப்போன வீடுகளுக்கெல்லாம் போனேன். இந்தத் தடவை படிவத்தை எடுக்கவில்லை. நோயாளி இல்லாத நேரம் பார்த்து, கொல்லைப்பக்கம் நின்று, பாத்திரம் விளக்குகிற அம்மாக்களிடம் கேட்டேன். நாட்டரசன்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் காபியில் கலந்தார்கள். குன்றக்குடி போகிற வழியில் ஒரு வீட்டில் மாத்திரையைப் பொடித்து மொத்த இட்லி மாவிலும் போட்டிருந்தார்கள். "எல்லாரும்தான் திங்கிறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலயே" என்றார் அந்த அம்மா. அவர் மூத்த மகள் பின்னால் திண்டில் சாய்ந்து பகல் பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே உணவு. நல்ல வாதம்.

கடிதம் கிடைக்காது என்று தெரிந்ததும் நானே தேவகோட்டைக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். மோசமான மனுஷி இல்லை.

"எல்லாம் சரிம்மா. அந்தப் புள்ளைக்கு வராதுன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா. நாங்க இப்பவே பேசுறோம்."

ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட என்பது எனக்குத் தெரியும். ரத்தம் எடுக்காமலே தெரியும். வராமலே போகிறவர்கள்தான் அதிகம் என்பதும் தெரியும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது.

"உங்க மகனுக்கு வராதுன்னு நீங்க எழுதித் தருவீகளா?" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். "டீயக் குடிச்சிட்டுக் கெளம்பும்மா."

குடிக்காமல் கிளம்பினேன். ஸ்கூட்டரில் வரும்போது நான் சொன்னதில் பிழை எங்கே என்று தேடிக்கொண்டே வந்தேன். சொன்னதில் பிழை இல்லை. நான் யாருக்காகப் போனேனோ அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவ்வளவுதான்.

செய்தி அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் போனில் அவள் கத்தினாள். அவ்வளவு நாள் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"உங்கள யாரு அங்க போகச் சொன்னா? மொத ரத்தத்த எடுத்தீக. பெறகு வாயத் தொறந்தீக. இப்ப அவுக வீட்டு வாசல்ல போயி நின்னு எம் மானத்தயும் வாங்கிட்டு வந்திருக்கீக. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? என் ரத்தத்த எனக்குத் திருப்பிக் குடுங்க."

திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் யாரும் எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம், அவர்கள் மாதிரியை அழித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சொன்னேன்.

"அழிக்கிறத நான் பாக்கணும்."

மூன்று வாரம் கழித்து வந்தாள். தனியாக, பஸ்ஸில். முகம் கொஞ்சம் வற்றியிருந்தது. விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கையுறை மாட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தேன். புகை மாதிரி குளிர் வெளியே வந்தது. அவள் எண் எழுதிய குழாய்களைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தேன். சுண்டு விரல் அளவு நாலு குழாய், அடியில் உறைந்த மஞ்சள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா" என்றாள்.

ஒவ்வொன்றாகச் சிவப்புப் பைக்குள் போட்டுக் கட்டினேன். கழிவைக் கொதிக்க வைக்கும் எந்திரத்துக்குள் வைத்து மூடினேன். அவள் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேராசிரியர் கதவுவரை வந்து, யார் என்று பார்த்து, திரும்பிப் போனார்.

"வந்துருச்சு" என்றாள் மெதுவாக. "முந்தாநாளு."

பீரியட்ஸ் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது. நல்லது என்றேன். தேவகோட்டையில் வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்களாம். அதையும் அதே குரலில்தான் சொன்னாள்.

"அண்ணன் எப்படி இருக்கான்?"

"நான் தட்டுல உக்காரலன்னதும் அஞ்சு நாளு பச்சத் தண்ணி குடிக்கல. உங்க டாக்டர் மாசத்துக்கு ஒரு ஊசி போட்டாப் போதும்னாரு. ஊசியப் பாத்ததும் தெருவுல எறங்கி ஓடிட்டான். நாலு பேரு புடிச்சுக் கொண்டாந்தாக."

"இப்ப சாப்புடுறானா?"

"சாப்புடுறான்."

"எப்படி?"

அவள் தோள்பையை மறுதோளுக்கு மாற்றினாள். "இப்ப அம்மா உக்காருறாக. நேத்து ரவிக்க தச்சுக்கிட்டு இருக்கும்போதே தூங்கி, மிஷின் ஊசி வெரல்ல எறங்கிருச்சு. வேணாம்மானு சொன்னேன். எனக்கு நின்னு போக இனி என்னடி இருக்குன்னு கேக்குறாக."

அந்த முடிவுகள் இன்னும் வெளியாகவில்லை. கண்டதை எல்லாம் நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. இந்த வருட ஒப்பந்தத்தில் பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று எந்திரம் ஓடி முடிந்து மணி அடிக்கும்வரை அவள் இருந்தாள். சிவப்புப் பையைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன். குழாய்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதில் எது அவளுடையது என்று கேட்டாள். எல்லாமே உன்னுடையதுதான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.